'எம்.எஸ்.வி ஹிட்ஸ்': அந்த இன்னொரு பெயர் எங்கே?

காஞ்சிபுரத்தில் கோர்வைப் பட்டு நெய்ய ஒரு ஆள் போதாது. கரைக்கான நாடாவைத் தள்ள, நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் வேணும். கடையில் புடவை வாங்குபவருக்கு அவரைத் தெரியாது.

பாட்டிலும் இதே கதைதான். 'எம்.எஸ்.வி ஹிட்ஸ்' என்ற தொகுப்புகளில் 'பாவ மன்னிப்பு' (1961), 'காதலிக்க நேரமில்லை' (1964) பாடல்களும் வருது. ஆனா அவற்றுக்கு இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. 1952-ல் 'பணம்' தொடங்கி 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை ஒன்றாக இசையமைத்த ஜோடி.

பிரிந்த பிறகு எம்.எஸ்.வி தனியாக நூற்றுக்கணக்கான படங்கள் செய்தார். அதனால் பழைய பாட்டும் அவர் கணக்கிலேயே சேர்ந்துடுச்சு.

ராமமூர்த்தி 2013-ல் மறைந்தார், எம்.எஸ்.வி 2015-ல். திருத்தச் சொல்ல இருவரும் இல்லை. நெசவாளியின் துணையாள் பெயர் புடவையில் இருக்காது. இவர்கள் பெயரோ படத்தின் டைட்டிலிலேயே இருக்கு. தொகுப்பு போடுபவர்கள் அதைப் பார்த்து அப்படியே எழுதினால் போதும்.