ஓசூர்ல லைன் நின்னா... காரணம் ஓசூர்லதானா?

2017-ல ரசிகர்கள் முன்னாடி ரஜினி சிஸ்டத்தைப் பத்திப் பேசினாலும் பேசினார், ‘சிஸ்டம் சரியில்ல’ங்கிறது நம்ம ஊர் பொது வசனமாவே ஆகிடுச்சு. அரியர் விழுந்தா சிஸ்டம் சரியில்ல. ஹாஸ்டல் சாம்பார்ல தண்ணி கூடினா சிஸ்டம் சரியில்ல. ப்ளேஸ்மென்ட் லிஸ்ட்ல நம்ம பேர் இல்லைன்னா சத்தியமா சிஸ்டம் சரியில்ல!

சரி பாஸ், சிஸ்டம் சிஸ்டம்னு சொல்றோமே... அது எங்கே இருக்கு? எந்த பில்டிங், எத்தனாவது மாடி?

பி.பி.ஏ., எம்.பி.ஏ. பசங்களுக்கு ‘சிஸ்டம்ஸ் தியரி’ன்னு ஒரு பாடம் வரும். எக்ஸாமுக்கு முந்தின நைட் மனப்பாடம் பண்ணி, மறுநாள் மதியமே மறந்துபோற ஐட்டங்கள்ல அதுவும் ஒண்ணு. ஆனா மெக்கானிக்கல், டிப்ளமோ, ஐ.டி.ஐ., பி.காம். யாரா இருந்தாலும் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய சமாச்சாரம் இது. நோட்ஸை மூடி வையுங்க. ஓசூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

பெஸ்ட் பார்ட்ஸ்... பெஸ்ட் கார்?

ரஸ்ஸல் அகாஃப்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர். அவர் அடிக்கடி சொன்ன உதாரணம் இது. உலகத்துல உள்ள எல்லா கார்லயும் எது பெஸ்ட் இன்ஜின்னு பார்த்து எடுத்துக்குங்க. பெஸ்ட் பிரேக் இன்னொரு கார்ல இருந்து, பெஸ்ட் கியர் பாக்ஸ் வேற ஒண்ணுல இருந்து. எல்லாத்தையும் ஒண்ணா மாட்டினா உலகத்துலயே பெஸ்ட் கார் வந்துடுமா?

வராது. கார்னு ஒண்ணே வராது. ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது.

சிஸ்டம்னா இவ்வளவுதான். தனித்தனி பாகங்கள் மட்டும் இல்ல; அந்தப் பாகங்களுக்கு நடுவுல இருக்கிற தொடர்பும் சேர்ந்ததுதான் சிஸ்டம். கம்பெனிக்கும் இதே கதைதான். புரொடக்‌ஷன் சூப்பர், சேல்ஸ் சூப்பர், பர்ச்சேஸ் சூப்பர். ஆனா மூணு பேரும் பேசிக்கலைன்னா கம்பெனி அவுட்.

இந்த யோசனைக்குப் பிள்ளையார் சுழி போட்டவங்கள்ல முக்கியமானவர் ஒரு உயிரியல் விஞ்ஞானி. பேர் லுட்விக் ஃபான் பெர்டலன்ஃபி. உயிருள்ள எதுவுமே மூடின டப்பா இல்ல, வெளியில இருந்து வாங்கி, உள்ளே மாத்தி, வெளியே கொடுத்துக்கிட்டே இருந்தாத்தான் உயிரோட இருக்கும்னு அவர் சொன்னார். இதுக்குப் பேர் ‘ஓப்பன் சிஸ்டம்’. 1968-ல அவரோட ‘ஜெனரல் சிஸ்டம் தியரி’ புத்தகம் வந்தது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1966-ல, டேனியல் காட்ஸ், ராபர்ட் கான்னு ரெண்டு பேர் கம்பெனி, ஆபீஸ் மாதிரி அமைப்புகளை இந்தக் கண்ணால பார்த்து ஒரு புத்தகமே எழுதிட்டாங்க.

அந்தக் கண்ணாடியை இப்ப நாம மாட்டிக்கலாம்.

ஓசூர்ங்கிற ஓப்பன் சிஸ்டம்

சிப்காட் தொடங்கினது 1971-ல. அப்ப ஓசூர் தர்மபுரி மாவட்டத்துல இருந்த ஒரு சின்ன எல்லையோர ஊர் (கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-லதான்). 1980-ல அசோக் லேலண்ட் இங்கே லாரி தயாரிக்க ஆரம்பிச்சது. அதே வருஷம் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கே இருந்து ரோட்டுக்கு வந்தது. அப்புறம் டாடாவும் தமிழக அரசோட டிட்கோவும் சேர்ந்து ஆரம்பிச்ச டைட்டன், வாட்ச் தொழிற்சாலையை இங்கே போட்டது. பெரிய கம்பெனிகளைச் சுத்தி, அவங்களுக்குப் பார்ட்ஸ் போடற நூத்துக்கணக்கான சின்ன யூனிட்டுகள் முளைச்சது.

ஏன் ஓசூர்? பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். நிலம், வரிச்சலுகை தமிழ்நாட்டுல. ஏர்போர்ட்டும் பெருநகரமும் கர்நாடகாவுல. ஊரோட பிறப்புலயே ‘வெளியில இருந்து வாங்கி, வெளியே கொடுக்கிற’ குணம் இருக்கு. ஸ்டீல் வெளியூர்ல இருந்து வரும். ஆளு தர்மபுரி, சேலத்துல இருந்தும் வருவாங்க, பீகார், ஒடிசாவுல இருந்தும் வருவாங்க. லாரி இங்கே தயாராகி, நாடு பூரா ஓடும்.

அப்ப ஓசூர்ல ஒரு லைன் நின்னா, காரணத்தை ஓசூர்ல மட்டும் தேடினா கிடைக்குமா? கிடைக்காதுன்னு காட்டின வருஷம் 2019.

ஒரு கையெழுத்து, ஒரு லேத்து

2019 செப்டம்பர் மாசம் அசோக் லேலண்ட் ஒரு அறிவிப்பு விட்டது. விற்பனை மந்தம், அதனால அந்த மாசம் சில நாள் வேலை கிடையாது. எண்ணூர்ல 16 நாள், உத்தரகாண்ட் பந்த்நகர்ல 18 நாள், ஓசூர்ல 5 நாள்.

என்ன ஆச்சு? தொழிலாளிங்க வேலை செய்யலையா? இல்ல. லாரி மோசமா? அதுவும் இல்ல. காரணத்தைத் தேடி ஒரு வருஷம் பின்னாடி, டெல்லிக்குப் போகணும்.

2018 ஜூலையில மத்திய அரசு லாரிகளோட ஆக்ஸில் லோடு விதியை மாத்துச்சு. ஒரு லாரி சட்டப்படி ஏத்தக்கூடிய எடையை சுமார் 20-ல இருந்து 25 சதவீதம் வரைக்கும் உயர்த்தினாங்க. நோக்கம் நல்லதுதான். ஒரே டீசல் செலவுல அதிக சரக்கு போகும், போக்குவரத்துச் செலவு குறையும். யாரும் குறை சொல்ல முடியாத முடிவு.

இப்ப ஒரு சின்ன கணக்கு. நாமக்கல்ல ஒரு லாரி ஓனர்கிட்ட 100 லாரி இருக்குன்னு வெச்சுக்குங்க. வருஷா வருஷம் பழசாகிற 10 லாரியைக் கழிச்சுட்டு 10 புது லாரி வாங்கறார். புது விதி வந்துச்சு. ஒவ்வொரு லாரியும் 25 சதவீதம் அதிகம் ஏத்தலாம். அப்படின்னா அதே சரக்கை எடுத்துப்போக எத்தனை லாரி போதும்? 80. அவர்கிட்ட 20 லாரி உபரி. ஸோ, பழசைக் கழிச்சுக்கிட்டே இருந்தாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு புது லாரிகூட வாங்கத் தேவையில்ல!

கவனிச்சீங்களா? மேல 25 சதவீத மாற்றம். கீழ புது லாரி ஆர்டர் 10-ல இருந்து பூஜ்யம். நிஜத்துல இவ்வளவு துல்லியமா நடக்காது. ஏற்கனவே ஓவர்லோடு அடிச்சவங்க உண்டு, சரக்கும் கூடிக் குறையும். ஆனா திசை இதுதான். சிஸ்டத்துல ஒரு முனையில சின்னதாத் தட்டினா, மறு முனையில பெருசா ஆடும். அதுவும் உடனே ஆடாது. மாசக்கணக்கு கழிச்சு ஆடும். அதனாலதான் காரணம் யார் கண்ணுக்கும் படறதில்ல.

இதோட இன்னும் ரெண்டு சேர்ந்துக்கிச்சு. 2018 செப்டம்பர்ல ஐ.எல். அண்டு எஃப்.எஸ்.ங்கிற பெரிய நிதி நிறுவனம் கடனைக் கட்ட முடியாம தடுமாறினதுல, லாரிக்கு லோன் கொடுக்கிற ஃபைனான்ஸ் கம்பெனிகள் எல்லாம் கையை இறுக்கிக்கிட்டாங்க. 2020 ஏப்ரல் 1-ல இருந்து பி.எஸ்.6 இன்ஜின்தான் விக்கணும்ங்கிற விதி வேற. ‘கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்’னு வாங்கறவங்க தயங்கினாங்க.

இதெல்லாம் சேர்ந்து ஓசூர் சிப்காட்ல ஒரு ஷெட்டுக்குள்ள எப்படி இறங்கும்னு பாருங்க. லாரி லைன் 5 நாள் நின்னா, ஆக்ஸிலுக்கு பார்ட்ஸ் போடற கம்பெனிக்கு ஆர்டர் குறையும். அவங்க முதல்ல நிறுத்தறது வெளியில கொடுக்கிற ஜாப் வொர்க்கை. நாலு லேத்து, ரெண்டு சி.என்.சி. வெச்சிருக்கிற சின்ன முதலாளிக்கு மெஷின் டியூ மட்டும் நிக்காது. அவர் மூணு ஷிஃப்ட்டை ஒண்ணாக்குவார். காண்ட்ராக்ட்ல வந்த பையனுக்கு ‘கூப்பிடறப்ப வாப்பா’ன்னு பதில் வரும். அவன் சாப்பிடற மெஸ்ஸுல இலை குறையும். அவன் ரூமுக்கு வாடகை பாக்கி நிக்கும்.

டெல்லியில போட்ட கையெழுத்துக்கும் அந்த மெஸ் இலைக்கும் நடுவுல எத்தனை கண்ணி! இந்தச் சங்கிலியில ஒரு வில்லன்கூட இல்ல. அவங்கவங்க இடத்துல அவங்கவங்க செஞ்சது நியாயம்தான். அதுதான் இதுல பயமுறுத்தற விஷயம்.

யார்? இல்ல... ஏன்?

இந்த மாதிரி நேரத்துல ஷெட்டுக்குள்ள என்ன நடக்கும்? முதலாளி, ‘பசங்களுக்கு அக்கறை இல்ல’ம்பார். பசங்க, ‘சூப்பர்வைசர் சரியில்ல’ம்பாங்க. சூப்பர்வைசர், ‘மேனேஜ்மென்ட் சரியில்ல’ம்பார். ஆளைத் தேடறது ஈஸி. தொடர்பைத் தேடறதுதான் கஷ்டம்.

டெமிங்னு ஒரு அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர். 1950-ல ஜப்பானுக்குப் போய், தொழிற்சாலைங்கிறது சப்ளையர்ல ஆரம்பிச்சு கஸ்டமர் வரைக்கும் போற ஒரே சிஸ்டம்னு படம் போட்டுக் காட்டினவர். 1986-ல எழுதின புத்தகத்துல, தன் அனுபவத்துல பிரச்னைகள்ல 94 சதவீதம் சிஸ்டத்தோடது, அதை மாத்தற பொறுப்பு மேனேஜ்மென்ட்டோடதுன்னு சொன்னார். மிஷின்ல நிக்கிற பையனைத் திட்டி என்ன லாபம்? அவனுக்கு வர்ற மெட்டீரியல், டூல், டிராயிங், டார்கெட் எதையும் அவன் முடிவு பண்ணலையே!

அவர் பேர்ல ஜப்பான்ல கொடுக்கிற டெமிங் பரிசை இந்தியாவுல முதல்ல வாங்கினது சுந்தரம் கிளேட்டனோட பிரேக் பிரிவு, 1998-ல. ஓசூர் டி.வி.எஸ். மோட்டார் 2002-ல வாங்கினது. நம்ம பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போற கம்பெனி பஸ்ஸுக்குள்ளயே இந்தத் தியரி உட்கார்ந்திருக்கு!

கோட்டை எங்கே போடறீங்க?

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். ஒரு சிஸ்டத்தைப் படமா வரையணும்னா முதல்ல அதுக்கு எல்லைக்கோடு போடணும். உள்ளே யார், வெளியே யார்? இந்தக் கோடு இயற்கையா இருக்கிறது இல்ல. வரையற ஆள் போடறது.

எல்லைன்னா என்னன்னு ஓசூர்க்காரங்களுக்குச் சொல்லித்தரணுமா? ஜூஜுவாடி தாண்டினா அத்திப்பள்ளி, அடுத்த மாநிலம். மேப்புல கோடு இருக்கு; ஆனா வேலைக்கும் சரக்கும் கோடு தெரியாது. காலையில இங்கே இருந்து அங்கே போறவங்களும் உண்டு, அங்கே இருந்து இங்கே வர்றவங்களும் உண்டு. 2016 செப்டம்பர் 12-ல காவிரிப் பிரச்னையில பெங்களூருல தமிழ்நாட்டு வண்டிகள் எரிஞ்சப்ப, பஸ் போக்குவரத்து நின்னப்ப, 2020 ஊரடங்குல எல்லையை அடைச்சப்பதான் அந்தக் கோடு எவ்வளவு வலிக்கும்னு தெரிஞ்சது.

கம்பெனிக்குள்ளயும் இப்படி ஒரு கோடு உண்டு. அறிக்கையில ‘எங்க குடும்பம்’னு எழுதறப்ப யார் யார் உள்ளே? நிரந்தர ஊழியர் உள்ளே, சரி. காண்ட்ராக்ட் பையன்? ஜாப் வொர்க் ஷெட்? கேன்டீன் அக்கா? லைன் நின்னா அடி எல்லாருக்கும் ஒரே மாதிரி விழறதில்ல. கையிருப்பு, நோட்டீஸ், யூனியன்னு மெத்தை இருக்கிறவங்களைத் தாண்டி, மெத்தையே இல்லாத ஓரத்துல போய் முழுசா விழும். கோட்டுக்கு வெளியில இருக்கிறதால அந்த நஷ்டம் எந்தக் கணக்குலயும் வராது. கணக்குல வரலைன்னா, ‘நாங்க நல்லா சமாளிச்சோம்’னு எழுதிக்கலாம்.

ஸோ, சிஸ்டமா பார்க்கிறதுன்னா பெரிய படம் போடறது மட்டும் இல்ல. கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடறது.

‘அப்ப யாருமே பொறுப்பு இல்லையா?’ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ‘எல்லாம் சிஸ்டம் சார்’னு கையை விரிக்கிறவங்களுக்கு இந்தத் தியரி வசதியான போர்வைதான். ஆனா டெமிங் சொன்னதோட ரெண்டாவது பாதியை மறந்துடக் கூடாது: மாத்தற பொறுப்பு, மாத்தற அதிகாரம் இருக்கிறவங்களோடது. எந்தக் கண்ணியை யாரால நகர்த்த முடியுமோ, அந்த அளவுக்கு அவங்க பொறுப்பு. டார்கெட் போடறவருக்கு அதிகம், டார்கெட்டைச் சுமக்கிறவருக்குக் கம்மி.

இன்-ப்ளான்ட் ட்ரெய்னிங் போறீங்களா?

ஓசூரோ, கிருஷ்ணகிரியோ, உங்க ஊர் சிப்காட்டோ... அடுத்த தடவை போறப்ப செல்ஃபி எடுத்து முடிச்சதும் இந்த நாலு கேள்வியை நோட்டுல எழுதிக்குங்க.

1. இந்த இடத்துக்குள்ள என்னென்ன வருது? மெட்டீரியல் மட்டும் இல்ல. ஆள், தண்ணி, கரன்ட், கடன், அரசாங்க விதி எல்லாம்.

2. இங்கே ஒரு தப்பு நடந்தா அந்தச் செய்தி அதை மாத்தக்கூடிய ஆள்கிட்ட எத்தனை நாள்ல போய்ச் சேருது? இதுதான் ஃபீட்பேக். பல கம்பெனிகள்ல அது பாதி வழியில ‘ஆல் ஓ.கே. சார்’ ஆகிடும்.

3. எந்த டிபார்ட்மென்ட்டோட வெற்றி இன்னொரு டிபார்ட்மென்ட்டுக்குத் தலைவலி? பர்ச்சேஸ் ரெண்டு ரூபா மிச்சம் பிடிச்சா, புரொடக்‌ஷன்ல ரிஜெக்‌ஷன் எவ்வளவு?

4. நாளைக்கே ஆர்டர் பாதியானா முதல்ல யாருக்கு வேலை போகும்? அவங்க பேர் இந்தக் கம்பெனி படத்துல எங்கேயாவது இருக்கா?

நாலாவது கேள்வியை கைடு பண்ண வர்ற ஆபீசர்கிட்ட கேட்டா சிரிச்சு மழுப்புவார். கேன்டீன்ல பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடற காண்ட்ராக்ட் அண்ணன்கிட்ட கேளுங்க. ரெண்டே நிமிஷத்துல முழு படமும் போட்டுக் கொடுத்துடுவார்.

ரிப்போர்ட்ல அந்தப் படத்தையும் சேர்த்து வரையுங்க ஃப்ரெண்ட்ஸ். மார்க் வருதோ இல்லையோ, நாளைக்கு நீங்க டார்கெட் போடற சீட்ல உட்காரும்போது அது ஞாபகத்துக்கு வரணும்.