சறுக்குப் பாறையும் சிற்பியின் வாசலும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை, நமது தமக்கையின் புதல்வன், பத்து வயதுப் பாலகன், ஒரு படத்தைக் கொண்டு வந்து நம்மிடம் நீட்டினான். காச்மீரத்திலுள்ள குல்மார்க் மலையில், வெண்பனி மூடிய சரிவிலே, கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு சிலர் அம்புபோல் சறுக்கிச் செல்லும் காட்சி அது. "மாமா! நம் ஜில்லாவில் ஏன் இப்படி ஒன்றும் இல்லை?" என்று கேட்டான்.

இருபது வருஷ காலமாக உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நமக்கு, ஒரு சிறுவனுடைய கேள்விக்கு விடையில்லை என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் கிடையாது. ஆகவே முதலில் தேச வர்த்தமானத்தை எடுத்துரைத்தோம். நமது பாரத நாட்டில் குல்மார்க்கிலும், இமயத்தின் மற்றொரு புறத்தில் ஆவுலியிலும் பனிச்சறுக்கு விளையாட்டு நடைபெறுகிறது என்றும், 2020-ல் குல்மார்க்கில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுக்கள் நடத்தப்பட்டன என்றும் கூறினோம். மணாலிப் பக்கத்திலே வளர்ந்த சிவ கேசவன் என்னும் வீரர், 1998 முதல் 2018 வரையில் ஆறு குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களில் இந்தியாவின் சார்பாகப் பனிச்சறுக்கு வண்டியில் கலந்துகொண்டார் என்பதையும், தேசத்தில் அதற்கேற்ற பாதை இல்லாத குறையினால் வண்டிக்குச் சக்கரம் மாட்டி, மலைச்சாலையில் லாரிகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் நடுவே புகுந்து பழகினார் என்பதையும் சொன்னோம்.

"உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றத் தெரிந்தவனுக்குக் குறை ஏது? பனி இல்லாவிட்டால் என்ன? நமக்குப் பாறை இருக்கிறது. பல்லவர் காலத்திலிருந்து இருக்கிறது. புறப்படு, மாமல்லபுரத்துக்கு!" என்று முடித்தோம்.

இந்தச் சுதேசிப் பெருமையைக் கேட்டுக்கொண்டிருந்த நமது மனைவி, "பஸ்ஸிலேயே போகலாமே, திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் போகிறதே!" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டு போவது நமது கௌரவத்துக்குப் பொருந்தாது என்று எண்ணி, சிநேகிதர் ஒருவருடைய மோட்டாரை இரவல் வாங்கினோம். எல்லாத் தொல்லைக்கும் அதுவே மூலகாரணம்.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். காலையில் ஆறு மணிக்குப் புறப்பட்டிருந்தால் ஏழு மணிக்குப் பாறையின் மேல் இருந்திருக்கலாம். ஆனால் மோட்டார் கைவசம் இருக்கிறது என்ற தைரியம் ஒன்று உண்டல்லவா? அந்தத் தைரியத்தில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஒரு சிறு தூக்கமும் போட்டு, பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீசுவரர் மலையைக் கண்டதும், "இதில் சறுக்கலாமா, மாமா?" என்றான் பையன். அது படியேறித் தரிசிக்க வேண்டிய மலை என்றும், முற்காலத்தில் உச்சிப் பொழுதில் இரண்டு கழுகுகள் இங்கு அமுதுண்ண வந்துகொண்டிருந்தன என்றும், இப்போது அவை வருவதில்லை என்றும் சொன்னோம். "அவற்றுக்கும் இடம் கிடைக்கவில்லையோ?" என்று கேட்டான். அந்தக் கேள்வியின் உட்பொருள் அடுத்த அரை மணியில் நமக்கு விளங்கிற்று.

மாமல்லபுரத்தின் எல்லையிலேயே வண்டிகள் எறும்புச் சாரிபோல் நின்றன. வண்டிக்கென்று ஒரு சீட்டு வாங்கினோம். கடற்கரைக் கோயில் பக்கத்து மைதானத்துக்குப் போனால், "இங்கே நிறைந்துவிட்டது, சார், ஐந்து ரதத்துப் பக்கம் போங்கள்" என்றார் ஒருவர். ஐந்து ரதத்துப் பக்கம் போனால், "வந்த வழியே திரும்புங்கள்" என்றார் மற்றொருவர். திரும்பும் வழியை மூன்று பெரிய பஸ்கள் அடைத்துக்கொண்டிருந்தன. நமக்குக் கோபம் பொங்கியது. இந்த ஊரின் நிர்வாகத்தைப் பற்றியும், பொதுவாக நம்மவரின் ஒழுங்கீனத்தைப் பற்றியும் வண்டிக்குள் இருந்தபடியே ஒரு நீண்ட பிரசங்கம் செய்தோம். 1984-லேயே உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட ஊரில் ஒரு வண்டியை நிறுத்த இடமில்லையா என்று கேட்டோம். கேட்க ஆளில்லை, மனைவி ஜன்னல் வழியே வெளியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு தெருவில், கல்லுளி ஓசை கேட்கும் சிற்பக் கூடம் ஒன்றின் ஓரமாக ஒரு வண்டிக்கு இடம் தென்பட்டது. வாசலைச் சிறிது மறைத்தது வாஸ்தவந்தான். "அரை மணியில் வந்துவிடுவோம்" என்று சொல்லிக்கொண்டு இறங்கி நடந்தோம். நடந்த தூரம் பத்து நிமிஷங்கூட இல்லை. வண்டியிலே சுற்றிய காலம் ஒரு மணிக்கு மேல்.

இனிச் சறுக்கலைப் பற்றிச் சொல்லுவோம். நேயர்கள் குழந்தைகளுடன் செல்லும்போது பயன்படும்.

ஊரின் நடுவிலுள்ள குன்றின் வடபுறத்தில், சாய்ந்த பாறையின் மேல் கிருஷ்ணனுடைய வெண்ணெய் உருண்டை என்னும் பெருங்கல் நிற்கிறது. உயரம் சுமார் 6 மீட்டர்; எடை 250 டன் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். முன்புறமிருந்து பார்த்தால் முழு உருண்டை. பின்புறம் போய்ப் பார்த்தால் ஒரு பகுதி உடைந்து, வாய்வைத்துக் கடித்த வெண்ணெய் போலவே இருக்கும். வெயிலும் மழையும் காற்றும் நெடுங்காலம் அரித்ததனால் இவ்வடிவம் வந்தது என்பது பூகர்ப்ப சாஸ்திரிகளின் முடிவு. வெள்ளைக்காரக் கவர்னர் ஒருவர் யானைகளைக் கட்டி இழுத்தும் அது அசையவில்லை என்பது ஊரார் சொல்லும் கதை. கதை மெய்யோ பொய்யோ, வெள்ளைக்காரர் போய்விட்டார்கள், கல் இருக்கிறது.

இந்தக் கல் ஏன் உருளவில்லை, அதே பாறையில் நம் குழந்தைகள் மட்டும் ஏன் வழுக்குகிறார்கள் என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. கல்லின் அடியும் பாறையும் சொரசொரப்பாக ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. கல்லின் பாரம் அதன் அடித்தளத்துக்குள்ளேயே இறங்குகிறது. ஆகவே அது நிற்கிறது. குழந்தைகள் சறுக்கும் தடமோ, தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பிள்ளைகளின் துணி உராய்ந்து உராய்ந்து கண்ணாடிபோல் மெருகேறிய தடம். பனிச்சறுக்கில் பலகைக்கும் பனிக்கும் இடையே உண்டாகும் மெல்லிய ஈரப்படலம் செய்கிற வேலையை, இங்கே எத்தனையோ பிள்ளைகளின் கால்சட்டைகள் செய்து வைத்திருக்கின்றன.

சரிவைத் தேர்ந்தெடுப்பதில் சில விதிகள் உண்டு. சிற்பமோ குகையோ உள்ள பாறையில் ஏறுதல் கூடாது. அது முதல் விதி. உருண்டைக்கு நேர்கீழே உள்ள சரிவு செங்குத்தானது. வளர்ந்த பிள்ளைகளுக்கே ஏற்றது. அதற்குப் பக்கவாட்டில் தாழ்ந்து செல்லும் சரிவு சிறு குழந்தைகளுக்குப் போதும். முழங்காலை மடக்கி, இரு பாதங்களையும் பாறையில் பதித்து அமரவேண்டும், பாதந்தான் பிரேக். உச்சி வேளையில் பாறை தோசைக்கல்லாகக் காயும். ஆதலால் காலை எட்டு மணிக்குள் சறுக்குவதே உத்தமம். புதுத்துணி உடுத்திச் செல்லலாகாது. இந்தக் கடைசி விதியை நாம் அனுபவத்தில் கண்டுபிடித்தோம் என்பதற்கு மேல் விவரம் சொல்ல விரும்பவில்லை.

2019 அக்டோபர் 11-ந் தேதி நமது பிரதமரும் சீன ஜனாதிபதியும் இந்தக் கல்லின் முன் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குச் சில நாட்களில் இதைப் பார்ப்பதற்கும் கட்டணம் ஏற்பட்டது. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சீட்டு வேண்டியதில்லை என்பது ஆறுதல். ஊர்ப் பிள்ளைகள் கேட்பாரற்றுச் சறுக்கிய பாறை, இப்போது காவலர் கண்பார்வையில் இருக்கிறது. காவலர் ஒருவர் நம் பையனைக் கண்டு, "உருண்டைக்கு அடியில் வேண்டாம், தம்பி, ஓரமாகப் போ" என்று மட்டும் சொன்னார். நல்ல மனிதர்.

பையன் சறுக்கிக்கொண்டிருந்தபோது, இளைஞன் ஒருவன் கூட்டத்தினிடையே புகுந்து, ஒரு வண்டியின் நம்பரைக் கூவிக்கொண்டு போனான். வியர்வையில் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "பார்த்தாயா? எவனோ பொறுப்பற்றவன் வண்டியைக் குறுக்கே விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருக்கிறான். இதுதான் நம் தேசத்தின் வியாதி" என்று மனைவியிடம் கூறினோம். பிறகு அர்ச்சுனன் தபசு என்னும் பெரும் பாறைச் சிற்பத்துக்குச் சென்று, தவம் செய்யும் பூனையையும், அதன் காலடியில் நம்பிக்கையோடு கூடியிருக்கும் எலிகளையும் பையனுக்குக் காட்டினோம். வெளியே வேஷம், உள்ளே வேறு எண்ணம் என்பதைப் பல்லவச் சிற்பி எவ்வளவு நயமாகச் செதுக்கியிருக்கிறான் என்று விளக்கினோம்.

வண்டிக்குத் திரும்பியபோது மணி ஐந்தரை. சிற்பக் கூடத்தின் வாசலில், அறுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். உள்ளே ஒரு சிறு லாரி. அதன்மேல் வைக்கோல் மெத்தையில், புதிதாகச் செதுக்கிய பிள்ளையார் விக்கிரகம். பக்கத்தில், நம்பரைக் கூவிக்கொண்டு போன அதே இளைஞன்.

அவன் கூவியது நமது வண்டியின் நம்பர். இரவல் வண்டியாதலால் நமக்கு அது காதில் விழுந்தும் மனத்தில் தைக்கவில்லை.

மதுராந்தகத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துக் கோயிலுக்கு அந்த விக்கிரகம் போகவேண்டியிருந்தது. கும்பாபிஷேகத்துக்கு முன் அதை நீரில் அமர்த்தி வைக்கும் சடங்கு அன்று மாலையே நடப்பதாக ஏற்பாடு. நாலு மணிக்குக் கிளம்ப வேண்டிய லாரி ஒன்றரை மணி நேரமாக நம்மால் நின்றிருக்கிறது. நாம் தடுமாறி, "பெரியவரே! மன்னிக்க வேண்டும், இடம் கிடைக்கவில்லை..." என்று ஆரம்பித்தோம்.

அவர் எழுந்து, "வண்டியை எடுங்கள், ஐயா. நேரமாகிறது" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்போம்.

வீடு திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. பையன் மட்டும், "மாமா, அந்தப் பூனை…" என்று தொடங்கி, அத்தை முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

நேயர்களே! மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு என்னும் அங்கீகாரம் கிடைத்தது. 1957 முதல் அங்கே சிற்பக்கலை கற்பிக்கும் அரசாங்கக் கல்வி நிலையம் இருக்கிறது. பல்லவனுடைய உளி இன்றும் ஓயாமல் ஒலிக்கும் ஊர் அது. நாமோ அந்த ஊருக்குப் போய், செத்துப்போன சிற்பிகளின் வேலைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு, உயிரோடிருக்கும் சிற்பியின் வாசலை அடைத்துவிட்டு வந்தோம். ஊர் எல்லையிலேயே வண்டிகளை நிறுத்தி, சிறிய பஸ்களில் ஜனங்களை உள்ளே கொண்டுபோகும் ஏற்பாடு வேண்டும் என்று யோசனை சொல்வது எளிது, சொல்லவும் வேண்டும். ஆனால் அன்று நெரிசலை வைது தீர்த்த ஒரு மணி நேரமும் அந்த நெரிசலில் நாமும் ஒரு வண்டி என்பது நமக்குத் தோன்றவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சர்க்காரைக் குறை சொன்னால் கடமை தீர்ந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. தெருக்கள் நம்முடையவை ஆனபின் அந்தச் சமாதானம் செல்லாது.

அடுத்த மாதம் மறுபடியும் போனோம். இம்முறை காலையில் முதலில் கிடைத்த பஸ்ஸில். நின்றுகொண்டுதான் போனோம், கௌரவத்துக்கு ஒரு குறைவும் நேரவில்லை. ஏழரை மணிக்குப் பாறை குளிர்ந்திருந்தது. பையன் பத்தொன்பது தடவை சறுக்கினான், எண்ணிக்கை அவனுடையது. பிறகு அந்தச் சிற்பக் கூடத்துக்குச் சென்றோம். பெரியவர் நம்மை அடையாளம் கண்டுகொண்டார். விக்கிரகம் அன்று போய்ச் சேர்ந்ததா என்று கேட்டோம்.

"விளக்கு வைத்த பிறகு சேர்ந்தது. குருக்கள் காத்திருந்தார்" என்று சொல்லி, பையனிடம் ஒரு சிறிய உளியைக் கொடுத்து, உடைந்த கல்துண்டு ஒன்றில் கோடு இழுக்கச் சொன்னார். அவன் இழுத்த கோடு கோணலாகப் போயிற்று. "முதல் கோடு அப்படித்தான் போகும், தம்பி" என்றார்.

அந்தக் கல்துண்டு இப்போது நமது மேஜையின் மேல் இருக்கிறது. குல்மார்க் படத்தைப் பையன் அதன் அடியில்தான் வைத்திருக்கிறான்.