தேற்றினால் மட்டும் போதாது

நோயைக் கண்டுபிடிக்கத் தவறிய டாக்டரை ஒன்று ஏசுகிறோம், இல்லையென்றால் "விடுங்க டாக்டர், எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்று தேற்றுகிறோம். கேஷுவாலிட்டியில் பல ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். இரண்டாலும் அவருக்கோ அடுத்து வரும் நோயாளிக்கோ பயனில்லை என்பது என் கருத்து.

நான் வேலை பார்த்த இடத்தில் ஓர் இரவு, சர்க்கரை நோயுள்ள நடுவயதுப் பெண் ஒருவர் மேல்வயிற்று எரிச்சல், வாந்தி என்று வந்தார். இசிஜியில் பெரிய மாற்றமில்லை. ஊசி போட்டதும் வலி குறைந்தது. இளம் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். விடியற்காலையில் மாரடைப்போடு திரும்பக் கொண்டுவந்தார்கள்; காப்பாற்ற முடியவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரும், முதல் இசிஜி சரியாக இருந்தாலும் மறுபடி எடுக்க வேண்டும், ரத்தத்தில் ட்ரோப்போனின் அளவு பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர் படித்ததுதான். அன்று அதே நேரத்தில் விபத்து கேஸ்களும் வந்திருந்தன. டியூட்டியில் அவர் ஒருவர்தான்.

அதன்பிறகு அந்த இசிஜியின் படத்தை போனில் வைத்து ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காலில் முள் குத்தி வந்தவருக்கும் இசிஜி எழுதினார். டிஸ்சார்ஜ் எழுத அவருக்குக் கை வரவில்லை. படுக்கை நிஜமாகவே தேவைப்பட்டவர்கள் வராந்தாவில் காத்திருந்தார்கள். டாக்டரின் குற்ற உணர்வைக் கவனிக்காமல் விட்டால் நோயாளிகளும் அவதிப்படுகிறார்கள்.

அவரை மீட்டவர் சீனியர் டாக்டர். பெயரையும் முடிவையும் மறைத்து அந்த கேஸ் ஷீட்டை மற்ற டாக்டர்களிடம் கொடுத்தார். பாதிப் பேர் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். முடிவு தெரிந்துவிட்டால் எல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதுபோலத் தோன்றும். உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-லேயே இதை ஆய்வில் காட்டியிருக்கிறார். ஆனால் சீனியர் அதோடு விடவில்லை. "இரண்டாவது இசிஜி எடுக்காதது தப்புதான். அதை ஞாபகப்படுத்த நம்மகிட்ட ஏற்பாடு இல்லாததும் தப்புதான்" என்றார். அன்றிலிருந்து மறு இசிஜி எடுக்க வேண்டிய நேரத்தை கேஸ் ஷீட்டிலேயே எழுதினோம். எடுக்க வைப்பது நர்ஸின் பொறுப்பானது. அந்த டாக்டர் தெளிந்து வேலை செய்யத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

தவறு நேர்ந்த மருத்துவருக்கும் துணை வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000-இல் எழுதினார். அவர் பணியாற்றும் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், அழைத்தால் வந்து பேசுவதற்குப் பயிற்சி பெற்ற சக ஊழியர் குழுவே அமைக்கப்பட்டது. நம் ஊரில் பிரசவத்தில் தாய் இறந்தால் தணிக்கை நடக்கிறது. கேஷுவாலிட்டியிலிருந்து வீட்டுக்கு அனுப்பி, மூன்று நாளுக்குள் நிலைமை மோசமாகித் திரும்பி வருபவர்களின் கேஸ்களையும் அப்படி அலச வேண்டும். மெமோ கொடுப்பதற்காக அல்ல, கற்றுக்கொள்வதற்காக.

எல்லாவற்றுக்கும் முன்னால் குடும்பம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் மகனிடம் நடந்ததை யாரும் விளக்கவில்லை. வழக்கு வரும், அடிதடி வரும் என்ற பயம். வெறும் கணிப்புப் பிழை குற்றவியல் அலட்சியமாகாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. மருத்துவமனைகளைத் தாக்குவதற்கு எதிராக 2008-இலிருந்து தமிழ்நாட்டில் சட்டமும் இருக்கிறது. பயத்தைக் காரணம் காட்டி உண்மையை மறைப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். சீனியர் டாக்டர் இளையவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன தவறியது, இனி என்ன மாற்றப்போகிறோம் என்று அவர்களிடம் நேருக்கு நேர் சொல்ல வேண்டும். அதை இளையவரின் தலையில் மட்டும் கட்டக்கூடாது.