கசக்கிய நீர் எங்கே போகிறது?

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பது நம் முன்னோர் மொழி. உடை பழையதாயினும் அழுக்ககற்றி உடுத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. அம்மொழி வழங்கத் தொடங்கிய காலத்தில் உடையிற் படிந்திருந்தவை வியர்வையும் புழுதியுமே. கசக்கிய நீர் கிணற்றடி வாழைக்குப் பாய்ந்தது, வாழையும் தழைத்தது. இன்று நாம் உடுக்கும் உடையோ நூலாயிருந்த நாள் தொட்டு வெளுப்பு மருந்து, சாயம், உப்பு, மென்மையூட்டும் நெய் எனப் பல இரசாயனங்களிற் குளித்தெழுந்து நம்மிடம் வருகின்றது. அவற்றுள் நஞ்சாவன எவை, அவற்றை எவ்வளவிற் பொறுக்கலாம் என வரையறுக்கும் சட்டங்கள் இந்நாளிற் பலவாகப் பெருகியுள்ளன. அச்சட்டங்கள் யாரைக் காக்கின்றன, யாரைக் காவாது விடுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியர்க்கு இரசாயனத்தில் என்ன அலுவல் என நேயர் சிலர் வினவலாம். ஆடையே இந்நாட்டுக் கைத்தொழில் ஏற்றுமதிகளுள் முதன்மையானது. 2009ஆம் ஆண்டின் பின்னர் வன்னிப் பகுதியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. நம் மாணவர் பலரின் தமக்கையர் அங்கே தொழில் புரிகின்றனர். பழைய மாணவருள்ளும் அத்துறையில் உயர்பதவி வகிப்போர் உளர். ஆதலின் இது நம் வீட்டுக் காரியமே.

செயற்கைச் சாயத்தின் வரலாறு 1856இல் தொடங்குகின்றது. அவ்வாண்டில் வில்லியம் பேர்கின் என்னும் ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரினின்று பெறும் பொருளைக்கொண்டு ஊதா நிறச் சாயமொன்றைக் கண்டார். அதன்பின் சாயத் தொழிற்சாலைகள் ஐரோப்பாவெங்கும் பெருகின. 1895இல் பிராங்பேர்ட் நகரத்துச் சத்திரவைத்தியர் லுட்விக் றேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் காணப்படுவதை எடுத்துரைத்தார். அந்நோய்க்குக் காரணமாவன பென்சிடீன் முதலிய சில அமீன்கள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இங்கிலாந்து 1967இல் பென்சிடீன் உற்பத்தியைத் தடைசெய்தது. அத்தகைய அமீன்களை வெளிவிடவல்ல அசோச் சாயங்கள் தோலிற் படும் உடைகளில் இருத்தலாகாது என ஜேர்மனி விதித்தது 1994இலேயாம். றேன் உரைத்ததற்கும் இவ்விதிக்கும் இடையே கழிந்த ஆண்டுகள் தொண்ணூற்றொன்பது. முதலில் நோயுற்றவன் தொழிலாளி. உடைபற்றிய சட்டம் பிறந்ததோ உடுப்போன் பொருட்டு. இதனை நேயர் மனத்திற் கொள்க.

2002இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இவ்விதியை ஏற்றது. 22 அமீன்கள் பெயர் சுட்டப்பட்டன. அவற்றுள் எதுவும் ஒரு கிலோகிராம் துணியில் 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது வரம்பு. 2007இல் நடைமுறைக்கு வந்த றீச் என்னும் பெருஞ்சட்டத்துள் இவ்விதியும் அடங்கிற்று. 2020 நவம்பர் முதலாந் திகதி தொட்டு, புற்றுநோய் முதலியன விளைக்கும் வேறு 33 பொருள்களுக்கும் உடையில் வரம்பு விதிக்கப்பட்டது.

இத்தகைய சட்டம் செல்லும் வழி அறியத்தக்கது. ஐரோப்பிய வணிகன் நம்நாட்டு ஆடைத் தொழிற்சாலையிடம் சான்றிதழ் கேட்கின்றான். இங்கே தைக்கப்படும் துணியிற் பெரும்பகுதி சீனா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வருவதாதலின், தொழிற்சாலை துணி விற்றோனைக் கேட்கின்றது. அவன் சாயப்பட்டறைக்காரனைக் கேட்க, அவன் சாயம் விற்றோனைக் கேட்கின்றான். சங்கிலியின் ஒரு கண்ணி பொய்த்தாலும் கப்பலேறிய சரக்குத் திரும்பிவிடும். இவ்வச்சமே சட்டத்தின் வலிமை. ஜேர்மனியின் தடை இந்தியச் சாயத் தொழிலைக் கலக்கியது. 1997இல் இந்திய அரசும் அசோச் சாயங்கள் பலவற்றைத் தடைசெய்தது. பிறநாட்டு அங்காடியில் எழுதிய விதி சாயத் தொட்டிவரை சென்று நன்மை செய்தமைக்கு இது சான்றாகும்.

மற்றுமொரு சான்று நம் பழமொழியோடு தொடர்புடையது. துணியைக் கழுவப் பயன்படும் நோனைல்பீனோல் ஈதொட்சிலேற்று என்னும் பொருள் நீர்நிலையிற் சிதைந்து மீனினத்துக்குக் கேடு விளைப்பது. ஐரோப்பிய ஒன்றியம் தன் ஆலைகளில் அதன் பயன்பாட்டை 2003இல் இயற்றிய சட்டத்தாற் கட்டுப்படுத்தியது. ஆயினும் ஐரோப்பிய ஆறுகளில் அது சேர்வது நிற்கவில்லை. பிறநாடுகளில் நெய்து சாயமிட்ட உடைகளில் எஞ்சியிருந்த அப்பொருள், ஐரோப்பிய இல்லங்களிலே துவைக்கும்போது கரைந்து ஆற்றை அடைந்தது. ஆதலால் துவைக்கத்தக்க துணிகளில் நூற்றுக்கு 0.01 பங்கை அது எட்டலாகாது என 2016இல் விதித்து, 2021 பெப்புருவரி தொட்டு நடைமுறைப்படுத்தினர். கசக்கிய நீர் எங்கே போகிறது என்று அவர்கள் கேட்டார்கள். தக்க விடையுங் கண்டார்கள். அவர்கள் கேட்டது தம் ஆற்றைப்பற்றி. நாம் கேட்க வேண்டுவது நம் ஆற்றையும் நம்மயலார் ஆற்றையும்பற்றி.

நொய்யல் என்பது கோவைக்கு மேற்கேயுள்ள வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து, திருப்பூர் வழியே ஓடிக் காவிரியிற் கலக்கும் சிற்றாறு. திருப்பூரோ பின்னலாடைக்குப் பெயர்பெற்ற நகர். பருத்தி நாரோடு பிணைந்து, துவைத்தாலும் நீங்காது நிற்கும் சாயங்கள் 1956இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. இவ்வகைச் சாயம் நாரிற் பிடிக்க உப்பு மிகுதியும் வேண்டும். ஆழ்ந்த நிறமாயின் ஒரு லீற்றர் சாயநீரில் 50 கிராமுக்கு மேலும் இடுவர். கடல்நீரிலேயே லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புத்தான் உண்டு என்பதை நினைந்தால் இதன் அளவு விளங்கும். சாயம் துணியோடு போகும்; உப்போ முழுவதும் நீரோடு போகும்.

அவ்வுப்பு நொய்யலை அடைந்தது. பாசனத்திற்கென 1990களின் தொடக்கத்திற் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அணைநீரை வேண்டி நிற்கவேண்டிய உழவர் அதனைத் திறவாதீர் என வேண்டினர், நீதிமன்றம் ஏறினர். 2011 சனவரி 28ஆந் திகதி சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு கட்டளையிட்டது. 700க்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஒருதுளிக் கழிவும் வெளிவிடாது, மென்சவ்வினூடு நீரை அழுத்திப் பிரித்தும் எஞ்சியதைக் காய்ச்சி உப்பை எடுத்தும் மீளப் பயன்படுத்தும் முறைக்கு அவை மாறவேண்டியதாயிற்று.

இங்கே ஓருண்மை புலனாகின்றது. நொய்யல் உப்பாறாகிய அக்காலமெல்லாம் திருப்பூர்ச் சட்டைகள் ஐரோப்பியச் சோதனைகளைக் கடந்து சென்றன. உடையிலே தங்காத கேட்டை உடையைச் சோதிக்கும் சட்டம் எங்ஙனம் காணும்? அதன் அளவுகோல் சட்டை. சட்டையில் எஞ்சியதை அது அளக்கும். சட்டையினின்று நீங்கி ஆற்றிற் கலந்ததை அளவாது. அப்பகுதியைக் காத்தது உழவரின் வழக்கும் உள்ளூர் நீதியுமேயாம்.

இவ்விதிகள் யாவும் மேலைநாட்டார் இட்ட வணிகத் தடைகளே எனச் சிலர் கூறுவர். அக்கூற்றில் ஒருபங்கு நியாயம் உண்டு. சோதனைச் செலவும் சான்றிதழ்ச் செலவும் சிறு பட்டறைக்காரன் தலையிலே விழ, உடையின் விலையைக் கூட்ட வாங்குவோன் இசைவதில்லை. ஆயினும் அதுபற்றிச் சட்டத்தையே வெறுத்தல் பொருந்தாது. புற்றுநோய்க்கு மேல்நாடு கீழ்நாடு என்னும் வேற்றுமை இல்லை. நம் குறை சட்டம் உண்டென்பதன்று. அது பாதிவழியில் நின்றுவிட்டது என்பதே. பெருநிறுவனங்கள் தம் வழங்கற் சங்கிலி முழுவதிலும் நேரும் கேடுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டுமென 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பணிப்புரை நிறைவேற்றியது; 2025இலோ அதன் காலத்தைப் பின்தள்ளியது. பிறர் சட்டம் முழுமை பெறும்வரை நாம் காத்திருத்தல் தகாது.

நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணக்கல்லின் இடையே தேங்கும் மழைநீரே நம் கிணறுகளின் உயிர். அந்நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாய் மிதப்பது. நொய்யலில் உப்பேறினால் ஒரு பெருவெள்ளம் ஓரளவேனும் கழுவிச் செல்லும். நம் கிணற்றில் ஏறினால் அதனைக் கழுவ எந்த ஆறு வரும்?

ஆதலின் நம் கருத்து இது. தையற்றொழிற்சாலைகள் வடக்கே வருக. வேலையற்ற இளைஞர்க்கும் நங்கையர்க்கும் அவை வேண்டும். சாயமிடும் தொழில் வருமாயின், கழிவு வெளிவிடாத அமைப்பை முதலிற் கட்டி முடித்த பின்னரே அதற்கு இடமளித்தல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் அனுமதிப்பத்திர முறையை வகுத்துள்ளது. அது பெயரளவில் நில்லாதிருக்க ஊரவரின் விழிப்பு வேண்டும். அத்துறையில் உள்ள பழைய மாணவர், துணி வாங்குமுன் சாயச் சான்றிதழைக் கேட்பது போலவே, அத்துணி தோய்ந்த நீர் எங்கே விடப்பட்டது என்பதையும் கேட்பாராக. நீரைத் தூய்மை செய்யும் செலவு உடையின் விலையிற் சேர்தலே நீதி என வாங்குவோரிடம் வற்புறுத்துவாராக.

மாணவர்காள்! இரசாயன பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் பயிலாதீர். உங்கள் வீட்டுக் கிணற்று நீரின் உவர்த்தன்மையை மாரியிலும் கோடையிலும் அளந்து, ஆண்டுதோறும் எழுதி வையுங்கள். நொய்யற் கரை உழவர்போல நாமும் ஒருநாள் நீதிமன்றம் ஏற நேருமாயின், அக்கணக்கே நம் சாட்சியாகும்.