மங்கி குல்லாவுக்கு என்ன வெட்கம்?

போன வாரம் காலை நடையின்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், பொங்கல் கழிச்சுப் பேரன் பேத்தியோட ரெண்டு நாள் ஊட்டி போறோம். என்ன துணி எடுத்துக்கலாம்?"

நான் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே சிரித்துவிட்டார். "ரெண்டு நாளுக்கு இவ்வளவா? ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் போதாதா?"

பதினைந்து வருஷத்துக்கு முன் என் அண்ணனும் இதையேதான் கேட்டார். அன்று மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டேன். அது தப்பு என்று மறுநாளே தெரிந்துவிட்டது.

நாங்கள் திருச்சிக்காரர்கள். மார்கழியில் விடிகாலை மின்விசிறியை நிறுத்தினாலே அதைக் குளிர்காலம் என்று சொல்பவர்கள். ஜனவரி மாதம் ஊட்டியில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணம். அண்ணனுக்கு அப்போது எழுபது வயது. கல்யாணத்துக்கென்று பட்டுக்கரை வேட்டியும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைகளும் எடுத்து வைத்தார். குளிருக்கு மகனுடைய தோல் ஜாக்கெட் ஒன்று. குல்லா? "அதைப் போட்டுக்கிட்டுப் போட்டோவுல நிக்கவா?" காலுறை? "வேட்டிக்கு எதுக்குடா சாக்ஸ்?"

போன அன்று மாலை தொட்டபெட்டா போனோம். 2,637 மீட்டர் உயரம். கொஞ்ச தூரம் நடந்ததில் ஜாக்கெட்டுக்குள்ளே வேர்த்துவிட்டது. மேலே பனிமூட்டம் வந்து வேட்டியை நனைத்தது. அறைக்கு வந்து சட்டையையும் பனியனையும் நாற்காலியில் போட்டார். நம் ஊரில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அங்கே விடிந்தும் ஈரம் போகவில்லை. நல்ல சட்டைகளெல்லாம் கல்யாணத்துக்கு. "சும்மா புல்லைப் பாக்கத்தானே போறோம்" என்று அந்த ஈரச்சட்டையையே மாட்டிக்கொண்டு, உறைபனி பார்க்க எங்களோடு தலைக்குந்தா பக்கம் கிளம்பினார்.

புல்வெளி முழுக்க உப்பைத் தூவியது போல வெள்ளை. எல்லோரும் குழந்தை மாதிரி வேடிக்கை பார்த்தோம். அரை மணி நேரம் போயிருக்கும். எப்போதும் கலகலவென்று பேசும் மனுஷன் பேச்சே இல்லாமல் நின்றார்.

"என்னண்ணே, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்லடா" என்றார். நாக்கு குழறியது. ஜாக்கெட் ஜிப்பைப் பிடிக்க விரல் வளையவில்லை. விசேஷம் என்னவென்றால், நடுக்கமே இல்லை. நடுங்கியிருந்தால் நான் முன்பே கவனித்திருப்பேன்.

கூட வந்த வேன் டிரைவர் உள்ளூர்ப் பையன். அவர்தான் பார்த்தவுடன், "ஐயாவ மொதல்ல வண்டிக்குள்ள ஏத்துங்க" என்று சத்தம் போட்டார். ஈரச்சட்டையைக் கழற்றிவிட்டுத் தன் ஸ்வெட்டரையும் மங்கி குல்லாவையும் மாட்டிவிட்டார், கம்பளியால் சுற்றினார். டீக்கடையிலிருந்து சூடாகச் சர்க்கரை போட்ட டீ வாங்கி வந்து வாய்வாயாகக் கொடுத்தோம். நேரே டாக்டரிடம் போனோம். உடம்புச் சூடு இறங்க ஆரம்பித்திருந்தது என்றார் அவர். இன்னும் கொஞ்ச நேரம் வெளியே நின்றிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றும் சொன்னார். வயதானால் நடுக்கம் குறைந்துவிடுமாம், குளிர்வதே சரியாகத் தெரியாதாம்.

ஒரு மணி நேரம் கழித்து அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "அந்த டீயில சக்கரை ஜாஸ்திடா." எல்லோரும் சிரித்தோம். என் கை மட்டும் மத்தியானம் வரை உதறிக்கொண்டே இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன். இரண்டு நாள்தானே என்பது ஒரு வாதமே இல்லை. பத்து நாள் போகிறவன் முதல் நாள் பட்டுக்கொண்டு, மறுநாள் கடைக்குப் போய் ஸ்வெட்டர் வாங்கிக்கொள்வான். இரண்டு நாள் போகிறவனுக்கு அந்த அவகாசம் கிடையாது. நாள் குறைந்தால் சட்டை வேட்டியின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். குளிர்த்துணியைக் குறைக்க முடியாது. ஒரு ராத்திரிக்கும் அதே குளிர்தான், பத்து ராத்திரிக்கும் அதே குளிர்தான்.

இன்னொரு தப்பு, பகல் வெயிலை வைத்துக் கணக்குப் போடுவது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் 326 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அதாவது பன்னிரண்டு டிகிரி அங்கேயே போய்விட்டது. ஜனவரியில் வானம் தெளிந்து, காற்று அசையாத ராத்திரிகளில் தரை வேகமாகச் சூட்டை இழக்கும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் பள்ளமான புல்வெளிகளில் உறைபனி படிகிறது. மத்தியானம் பொட்டானிக்கல் கார்டனில் வெயில் சுள்ளென்று அடிப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. விடிகாலை ஐந்து மணியை நினைத்துக்கொண்டு பெட்டி கட்டுங்கள்.

தடிமனான ஒரே கோட்டைவிட மெல்லிய மூன்று துணி மேல். உடம்போடு ஒட்டிய முழுக்கை தெர்மல், அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றுப் புகாத விண்ட்சீட்டர். இடையில் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காப்பாற்றுகிறது. வேர்த்தால் ஒன்றைக் கழற்றலாம், குளிர்ந்தால் மாட்டலாம். பருத்தி நம் ஊருக்கு அமிர்தம். மலையில் அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடவே விடாது. கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் கதகதப்பாக இருக்கும்.

காது, கழுத்து, கால் மூன்றும் மூடியிருக்க வேண்டும். மங்கி குல்லா, மஃப்ளர், கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, மூடிய ஷூ. வேட்டி அறைக்குள்ளே போதும். பெண்கள் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கீழே வெறும் செருப்போடு நடக்கிறார்கள். என் மனைவி இப்போதெல்லாம் சேலைக்கு உள்ளே கம்பளி லெக்கின்ஸ் போடுகிறாள். "வெளிய யாருக்குத் தெரியப் போகுது?" என்கிறாள். நியாயம்தானே?

படுக்கும்போது போட ஒரு செட் உலர்ந்த துணி தனியாக இருக்கட்டும். எவ்வளவு ஆசைப்பட்டாலும் பகலில் அதைத் தொடாதீர்கள். துணிப்பையில் கட்டி வையுங்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மலை ரயிலில் போனால் குன்னூர் தாண்டியதும் குளிர் ஜன்னல் வழியே ஏறி உட்கார்ந்துகொள்ளும், பெட்டியைத் திறந்து கிளற அப்போது இடம் இருக்காது.

துணி பற்றாமல் போனவர்கள் அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திக்கொள்வதும் உண்டு. அந்தப் புகை ஆளையே கொன்றுவிடும். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

"ஹீட்டர் இருக்கு, கெய்சர் இருக்கு, கார்லயே சுத்தப் போறோம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவர்கள் வயதுக்கு அது சரி. நமக்கு இல்லை. இதற்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்கவும் வேண்டாம். பீரோவில் ரசகற்பூர உருண்டையோடு தூங்கும் பழைய ஸ்வெட்டரை எடுத்து ஒரு நாள் வெயிலில் போட்டாலே போதும்.

அண்ணன் அதற்குப் பிறகு பதினோரு வருஷம் நன்றாக இருந்தார். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு மங்கி குல்லா வாங்கினார். மார்கழி பிறந்தால் திருச்சியிலேயே அதைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போவார். தெருப்பிள்ளைகள் சிரித்தால், "சிரிங்கடா, சிரிங்க" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

நண்பர் இன்று காலை மறுபடி வந்தார். பட்டியலை எழுதித் தரச் சொன்னார். தந்திருக்கிறேன். முதல் வரியிலேயே குல்லா.