வாடகை காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டலாமா? பாலிசியில் இருக்கும் அந்த இரண்டு வார்த்தைகள்

ரிஷிவந்தியத்துக்காரர் ஒருவர் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறார்னு வச்சுக்குவோம். சொந்தமா கார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டையில் 'ட்ராக் டே'ன்னு ஒரு போஸ்ட் பார்க்கிறார். பணம் கட்டினா ரேஸ் ட்ராக்கில் நாமே கார் ஓட்டலாம். போட்டி இல்லை, பரிசு இல்லை. உடனே ஆப்பில் ஒரு செல்ஃப் டிரைவ் கார் புக் பண்றார். 'ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கு, டேமேஜ் ப்ரொடெக்‌ஷனும் எடுத்தாச்சு, அப்புறம் என்ன?' என்பது அவர் நினைப்பு.

அங்கேதான் சிக்கல். ட்ராக் கேட்டைத் தாண்டி உள்ளே போய் ஓட்ட ஆரம்பித்ததும் அந்த 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' பெரும்பாலும் வெறும் பேப்பர்தான்.

ரேஸே இல்லையே, அப்புறம் ஏன்?

கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்புகள்' என்று ஒரு சின்னப் பத்தி இருக்கும். யாரும் படிக்க மாட்டோம் (இதை எழுதும் வரை நானும் படித்ததில்லை). நம் நாட்டு தனியார் கார் பாலிசிகளில் வழக்கமாக வரும் வாசகப்படி வாடகைக்கு விடுவது, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு கவரேஜ் கிடையாது.

'இது பந்தயம் இல்லை, லேப் டைம்கூட எடுக்கலை'ன்னு வாதாடலாம். பிரச்சினை அடுத்த இரண்டு வார்த்தையில் இருக்கு: வேகச் சோதனை. காரை அதன் எல்லை வரை ஓட்டிப் பார்க்கத்தானே ட்ராக்குக்குப் போறோம்? இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அது போதும். மோட்டார் வாகனச் சட்டம் 150-வது பிரிவும், பாலிசியில் இப்படி விலக்கு இருந்தால் பந்தயம், வேகச் சோதனை என்ற காரணத்தைக் காட்டி மூன்றாம் நபர் இழப்பீட்டு வழக்கில்கூட கம்பெனி எதிர்வாதம் வைக்கலாம் என்கிறது. ஜீரோ டெப்ரிசியேஷன், இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் எல்லாமே அடிப்படை பாலிசி மேல் நிற்பவை. அடிப்படையே விழுந்தால் அதுவும் சேர்ந்து விழும்.

வாடகை கார்னா நிலைமை இன்னும் மோசம்

பாலிசி உங்கள் பெயரில் இல்லை, கார் உரிமையாளர் பெயரில். செல்ஃப் டிரைவ் ஒப்பந்தங்களில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் தடை இருப்பது வழக்கம். ஆப்பில் வாங்கும் டேமேஜ் ப்ரொடெக்‌ஷன் பெரும்பாலும் இன்ஷூரன்ஸே இல்லை. 'இவ்வளவுக்கு மேல் உன்னிடம் கேட்க மாட்டேன்' என்ற வாக்குறுதி. விதியை மீறினால் அந்த வாக்குறுதியும் போச்சு. 8 லட்ச ரூபாய் மதிப்புள்ள கார் சுவரில் மோதி உருக்குலைந்தால், அந்த 8 லட்சமும் உங்கள் தலையில் விழலாம். ஜி.பி.எஸ். இருக்கும் காரில் 'ட்ராக்குக்குப் போகலை'ன்னு சொல்லவும் முடியாது.

நண்பரின் வெள்ளை நம்பர் பிளேட் காரை காசு கொடுத்து எடுத்துட்டுப் போறது ரெட்டைத் தப்பு. வாடகைக்கு விடும் கார் கருப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்தோடு இருக்கணும். வெள்ளை பிளேட் காரின் பாலிசி வாடகை என்றதுமே கேள்விக்குறி, ட்ராக் அதுக்கு அடுத்த மீறல்.

'வண்டியை வெளியே இழுத்துட்டு வந்து ஹைவேஸ்ல மோதினதா கிளெய்ம் போடு'ன்னு ஐடியா கொடுக்கும் அண்ணன்கள் எல்லா கேங்கிலும் உண்டு. அது மோசடி. கிளெய்ம் போவதோடு கிரிமினல் வழக்கும் வரலாம்.

உடம்புக்கு அடிபட்டால்?

கார் பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்து கவர், உரிமையாளரே ஓட்டும்போதுதான். வாடகைக்கு எடுத்தவருக்கு இல்லை. மெடிக்ளெய்மில் கொஞ்சம் நல்ல செய்தி. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான விலக்கு வாசகம், மோட்டார் ரேஸிங் போன்ற சாகச விளையாட்டில் 'தொழில்முறையாக' பங்கேற்றால் மட்டுமே சிகிச்சைச் செலவு இல்லை என்கிறது. பொழுதுபோக்காகப் போனவருக்கு வாதாட இடம் இருக்கு. டேர்ம், தனி விபத்து பாலிசிகளில் வாசகம் வேறாக இருக்கலாம், அதைத் தனியா பாருங்க.

இது வெறும் பேப்பர் விஷயம் இல்லை. 2023 ஜனவரியில் இதே இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப்பில், பல வருட அனுபவமுள்ள கே.இ.குமார் விபத்தில் இறந்தார்.

அப்போ ரோட்டிலேயே ஓட்டிப் பார்க்கலாமா?

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை ஏறும் கல்வராயன் மலைப் பாதையில் 'டைமிங்' போடும் ஆசை நம்ம பக்கத்துப் பசங்களுக்கு உண்டு. அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்தினால் 189-வது பிரிவில் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருடம், 10,000 ரூபாய். எதிரே வரும் பஸ்ஸும் பைக்கும் உங்க டைமிங்குக்காக நிற்காது.

சரியான வழி என்ன?

பிரிட்டனில் ஒரு நாளுக்கு மட்டும் ட்ராக் டே இன்ஷூரன்ஸ் வாங்கலாம். அதிலும் முதல் பகுதி இழப்பு உங்களுடையதுதான், மற்றவர் காருக்கான சேதம் பொதுவாக வராது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பக்கத்தில், ட்ராக்கில் ஓட்டுவதற்கென்றே தயார் செய்த கார்களை வாடகைக்கு விடும் கடைகள் இருக்கு. நம்ம ஊரில் அப்படி ஒரு நாள் பாலிசி கடையில் கிடைக்கும் பொருள் ஆகலை.

அதனால் இங்கே உருப்படியான வழி, ட்ராக்கில் ரேசிங் ஸ்கூல் நடத்துபவர்களின் காரையே எடுப்பது. கார், ஹெல்மெட், பயிற்சியாளர் பொதுவாக ஒரே பேக்கேஜில் வரும். இருங்காட்டுக்கோட்டையும், கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் தமிழ்நாட்டில் தெரிந்த இடங்கள். செலவு கூடத்தான். ஆனா சேதத்துக்கு ஒரு வரம்பு உண்டா என்பதை முன்கூட்டியே பேசிக்கலாம்.

பணம் கட்டும் முன் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்க வேண்டியவை: மோதினால் நான் அதிகபட்சம் எவ்வளவு தரணும்? தடுப்புச் சுவர், டயர் தடுப்பு சேதம் யார் கணக்கு? இன்னொருத்தர் வந்து என்னை இடிச்சா? இன்ஜின் போனா? ஆம்புலன்ஸ் ட்ராக்கிலேயே நிற்குமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் திரும்பி வந்துடுங்க.

சொந்தக் காரில்தான் போவேன் என்பவர்களுக்கு ஒரு விஷயம். ட்ராக்கை விட்டு சாலைக்கு வந்ததும் பாலிசி வழக்கம்போல செல்லும். ஆனா ஒரு நாள் முழுக்க ட்ராக்கில் அழுத்திய பிரேக் பேடும் தேய்ந்த டயரும்தான் உளுந்தூர்பேட்டை வழியா 200 கிலோமீட்டருக்கு மேல் உங்களை ரிஷிவந்தியம் கொண்டு வரணும். கிளம்பும் முன் ரெண்டையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிட்டு ஏறுங்க.