மிளகாய்க்கு வெயில் வேணுமாம்!

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காலையில் காய்கறி வாங்குபவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். கத்தரிக்காய் அரை கிலோ, வெண்டைக்காய் கால் கிலோ, பேரம், முணுமுணுப்பு எல்லாம் முடிந்து காசும் கைமாறிய பிறகு, அந்தக் கடைசி வசனம் வரும். "கொஞ்சம் கறிவேப்பிலை, நாலு பச்ச மொளகா போடும்மா!" கடைக்கார அம்மாவும் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு பிடி அள்ளிப் பைக்குள் போடுவார். அதற்குப் பெயர் கொசுறு.

விலை ஏறியிருக்கும் நாளில் இந்த வசனம் எடுபடாது. அன்றைக்கு மட்டும் மிளகாயும் ஒரு காய்கறிதான் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

இதே ஆட்களிடம் "வீட்டுல மொட்டை மாடி இருக்கே, ஒரு மிளகாய்ச் செடி வைக்கலாமே" என்று கேட்டுப் பாருங்கள். தி.நகரானாலும் அடையாறானாலும் இரண்டே பதில்கள்தான். ஒன்று, "கொசுறா கெடைக்கறதை யாராவது வளர்ப்பாங்களா?" இன்னொன்று, "வச்சோமே சார்! பூ பூவா வந்துச்சு, ஒண்ணு கூட நிக்கல. சென்னைக்கு மிளகாய் வராது."

இரண்டுமே தப்பு. இரண்டாவதை முதலில் பார்க்கலாம், ஏனென்றால் அது ரொம்ப சுவாரசியமான தப்பு.

'வச்சோம், வரலை' என்பவர்களிடம் எப்போது வைத்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஏப்ரல் என்பார்கள். பிள்ளைகளுக்கு லீவு, ஆளுக்கும் கொஞ்சம் நேரம், நர்சரியிலும் நாற்று கிடைக்கிறது. அதோடு ஒரு மகா தர்க்கமும் உண்டு. மிளகாய் காரம். காரம் என்றால் சூடு. சூடு என்றால் வெயில். ஆகவே மிளகாய்க்கு வெயில் வேணும், வெயிலுக்குத்தான் சென்னையில் பஞ்சமே இல்லையே!

மிளகாய்ச் செடிக்கு இந்தத் தர்க்கம் தெரியாது. விதை முளைக்க அதற்கு 25 முதல் 30 டிகிரி வேண்டும், உண்மைதான். பகலில் நல்ல வெளிச்சமும் வேண்டும். ஆனால் பூ காயாக மாறும் கட்டத்தில் பகல் 35 டிகிரியைத் தாண்டினாலோ, ராத்திரி புழுக்கம் தணியாமலே இருந்தாலோ மகரந்தம் வீணாகும், பூ உதிரும். மே மாதச் சென்னையில் பகல் சராசரியாக 37, 38. ராத்திரியும் 28-ஐ ஒட்டித்தான். 2003 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரியே பதிவானது. அந்த வெயிலில் மாடித் தளத்தின் மேல் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் நிற்கும் செடியின் வேர் கிட்டத்தட்ட வேகிறது. பூ கொட்டாமல் என்ன செய்யும்?

காரமும் வெயிலும் ஒன்று என்று நினைப்பதற்கு நாக்குதான் காரணம். மிளகாயில் இருக்கும் கேப்சைசின் என்ற பொருள், வாயில் சூட்டை உணர்வதற்கென்று இருக்கும் அதே நரம்பு வாங்கியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சுமார் 43 டிகிரியில் 'சுடுது' என்று கத்த வேண்டிய வாங்கி, சும்மா இருக்கும்போதே கத்துகிறது. 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடித்த விஷயம் இது. அவருக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதாவது மிளகாயின் சூடு ஒரு பொய்ச்சூடு. அந்தப் பொய்யை நம்பி செடியை நிஜச் சூட்டில் கொண்டுபோய் வைத்தால் நஷ்டம் யாருக்கு?

இனி, குளிர் ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

இங்கிலாந்தில் ஜூலை மாதத்தில்கூடப் பல ஊர்களில் பகல் வெப்பம் 25 டிகிரியைத் தொட்டால் பெரிய விஷயம். அந்த நாட்டின் தென் கடற்கரையில் டார்செட் என்ற மாவட்டத்தில் மைக்கேல், ஜாய் மிஷோ என்ற தம்பதி, பக்கத்து ஊரிலிருந்த ஒரு ஆசியக் கடையில் வாங்கிய வங்கதேச நாகா மிளகாயிலிருந்து விதை எடுத்து, வருடக்கணக்கில் தேர்ந்தெடுத்து, 'டார்செட் நாகா' என்ற ரகத்தையே உண்டாக்கினார்கள். 2006-ல் உலகமே அந்த மிளகாயைப் பற்றிப் பேசியது. 2011-ல் லிங்கன்ஷயரின் 'இன்ஃபினிட்டி', கும்ப்ரியாவின் 'நாகா வைப்பர்' என்று உலகின் மிகக் காரமான மிளகாய்க்கான கின்னஸ் சாதனை அடுத்தடுத்து இரண்டு இங்கிலாந்து மிளகாய்களின் கையில் இருந்தது. நாகா வைப்பரின் அளவு 13,82,118 ஸ்கோவில். கும்ப்ரியா என்பது மழைக்கும் குளிருக்கும் பெயர் போன இடம். குளிர் ஊரில் காரம் ஏறாது என்று இனி யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். காரத்தை முதலில் முடிவு செய்வது ரகம், ஊரின் வெயில் அப்புறம்தான்.

அவர்கள் அதைச் சும்மா செய்யவில்லை. பிப்ரவரியிலேயே வீட்டுக்குள் விதை போட வேண்டும். முளைக்க அடியில் சூட்டுப் பாய், நாற்றுக்கு மின்விளக்கு வெளிச்சம், அப்புறம் கண்ணாடிக் கூண்டு. மகரந்தம் சேர்க்கப் பூச்சி வராவிட்டால் சின்ன பிரஷ்ஷால் பூப்பூவாகத் தொட்டுவிட வேண்டும். டொரான்டோ பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு இன்னும் கஷ்டம். மே மாதம் விக்டோரியா தின விடுமுறை வாக்கில்தான் பனி பயம் விட்டு நாற்றை வெளியே வைக்க முடியும். அக்டோபரில் மறுபடி உள்ளே தூக்க வேண்டும். மிளகாய் பல வருடம் வாழும் செடி என்பதால், கிளையைக் கழித்து ஜன்னலோரம் வைத்துக் குளிர்காலம் முழுக்க உயிரைப் பிடித்து வைத்திருந்து அடுத்த வருடமும் காய் பறிப்பவர்கள் உண்டு. இத்தனை பாடு, ஒரு வெள்ளிக்கிழமை சாம்பாருக்கு நாலு மிளகாய் கிள்ளிப் போட!

சென்னையில் ஜனவரி மாதப் பகல் சுமார் 30 டிகிரி. ராத்திரி சுமார் 21. இங்கிலாந்துக்காரர் கண்ணாடிக்குள் மின்சாரக் காசு கட்டி உண்டாக்கப் பார்க்கும் வெப்பநிலை, மார்கழி மாதத்தில் மயிலாப்பூர் மொட்டை மாடியில் சும்மா கிடைக்கிறது. கீழே சபாவில் கச்சேரி, வாசலில் கோலம், மாடியில் மட்டும் காலித் தொட்டி.

இது புதுக் கண்டுபிடிப்பும் கிடையாது. தமிழ்நாட்டிலேயே காய்ந்து கிடக்கும் ஊர் என்று பெயர் வாங்கிய ராமநாதபுரம்தான் முண்டு மிளகாய்க்குப் பெயர் போனது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே எப்போது விதைக்கிறார்கள்? வடகிழக்குப் பருவமழையை நம்பி, செப்டம்பர், அக்டோபரில். மழையிலும் பனியிலும் செடி வளர்ந்து பூத்துக் காய்க்கிறது. அப்புறம் வரும் வெயில் எதற்கு? பழத்தை வத்தலாகக் காயவைக்க! வெயிலின் வேலை அதுதான். மே மாதம் மாடியில் மோர்மிளகாய் காயப்போட்ட பாட்டிகளுக்கு இது தெரிந்திருந்தது. பேரப்பிள்ளைகள்தான் காயவைக்கிற மாதத்தில் நட்டுவிட்டு மண்ணைத் திட்டுகிறார்கள்.

சரி, முதல் பதிலுக்கு வரலாம். 'கொசுறா கெடைக்குதே.'

கிடைக்கிறது. ஆனால் எப்படிக் கிடைக்கிறது? மிளகாய், பூச்சிமருந்து அதிகம் அடிக்கப்படும் பயிர்களில் ஒன்று. இலைப்பேன் வந்தால் இலை மேல்நோக்கிச் சுருளும், மஞ்சள் சிலந்திப்பேன் வந்தால் கீழ்நோக்கிச் சுருளும், இரண்டும் வந்தால் விவசாயி கடன் வாங்கி மருந்து வாங்குவார். 2021-22-ல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ஒரு புதுவகைக் கருப்பு இலைப்பேன் மிளகாய்த் தோட்டங்களைத் துடைத்தெடுத்தது. என்ன அடித்தும் நிற்கவில்லை.

வெளிநாடுகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. 2014-ல் சவூதி அரேபியா இந்தியப் பச்சை மிளகாயை வேண்டாம் என்றது. காரணம், மருந்து மிச்சம். 2016-ல் பூட்டானும் அதே காரணத்துக்காகத் தடை போட்டது. பூட்டான் என்பது மிளகாயை மசாலாவாக இல்லாமல் காய்கறியாகவே சமைத்துச் சாப்பிடும் மலைநாடு. மிளகாய் இல்லாமல் அங்கே சாப்பாடே இல்லை. குளிர்காலத்தில் அவர்களுக்கு மிளகாய் இந்தியாவிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. தடை போட்டுவிட்டு என்ன செய்தார்கள்? தெற்கே தாழ்வான, கொஞ்சம் கதகதப்பான பகுதிகளில் குளிர்கால மிளகாயைத் தாங்களே பயிரிட ஆரம்பித்தார்கள். விலை ஏறியது, ஜனங்கள் திட்டினார்கள், ஆனாலும் செய்தார்கள்.

ஒரு நாடே குளிரில் செய்ததை, நாலு தொட்டி அளவில் செய்ய சென்னைக்காரருக்கு என்ன தடை? காசு வாங்காமல் கொடுக்கும் பொருளைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை, அவ்வளவுதான். எங்கே விளைந்தது, என்ன அடித்தார்கள், பறித்தவருக்குக் கூலி எவ்வளவு? கொசுறுக்கு எதற்கு இதெல்லாம்! ஒரு செடியை விதையிலிருந்து காய் வரை பார்த்தவர் அப்படி இருக்க மாட்டார். இலை சுருளும்போது வயிறு கலங்குவது என்னவென்று தெரிந்தவர், மாட வீதியில் அந்த நாலு மிளகாய்க்கும் தானாகக் காசு கொடுப்பார்.

இங்கே சில பேர் கை தூக்குவார்கள். 'நாலு தொட்டி வச்சா நாட்டுல மருந்தடிக்கறது நின்னுடுமா?' நிற்காது. ஆனால் அந்த வீட்டுச் சட்னியில் நிற்கும். 'அசோசியேஷன்ல மாடியில தொட்டி வைக்க விடமாட்டாங்க, தளம் ஒழுகுமாம்.' இது நியாயமான கவலை. அதற்குத் தேங்காய் நார்க்கழிவு கலந்த லேசான மண்ணும், தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல்லும் போதும். 2013-ல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டம் ஆரம்பித்தபோது மானியத்தில் கொடுத்த பைகளும் நார்க்கழிவை நம்பியவைதான். 'பால்கனியில வெயில் வராதே.' அஞ்சாறு மணி நேர வெயில் இல்லாவிட்டால் காய்ப்பு குறையும், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நேரமில்லை என்பவர்களுக்கு மட்டும் பதில் இல்லை. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடி, காய்கறி விலை எகிறியபோது நேரம் எல்லோரிடமும் இருந்தது. மாடியில் செடிதான் இல்லை.

இனி செய்ய வேண்டியது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன ஊர் இது. ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருக்கும் வத்தல் மிளகாயை உடைத்து விதையைத் தூவினாலே முளைத்துவிடும். 40 நாள் ஆனதும் ஒரு அடி ஆழத் தொட்டிக்கு மாற்றவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்காமல் ஓட்டை திறந்திருக்கிறதா என்று தினமும் பார்க்கவும். ஏனென்றால் சென்னையில் மிளகாயைக் கொல்வதில் வெயிலுக்கு அடுத்த இடம் தேங்கிய தண்ணீருக்குத்தான். இலை சுருண்டால் அந்த இலையைக் கிள்ளிவிட்டு, வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கவும். மார்கழியில் காய் கிடைக்கும், பங்குனி வரை பறிக்கலாம். சித்திரையில் பூ கொட்டினால் பதற வேண்டாம். கிளையைக் கழித்து நிழலில் வைத்தால் அடுத்த ஆடியில் மறுபடி துளிர்க்கும். டொரான்டோக்காரர் பனிக்குப் பயந்து செய்வதை இங்கே வெயிலுக்குப் பயந்து செய்யவேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சென்னைக்கு மிளகாய் வராது என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். சொல்வதற்கு முன்னால் கும்ப்ரியா எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை வரைபடத்தில் பார்த்துவிட்டு வரட்டும்.